தாய்மாமன் சீரும் கரும்புப் பெட்ரோலும்

ஒரு காட்டில் ஒரு கரடியும், அதனிடம் ஒரு பிக்கப் வண்டியும் இருந்தன. வண்டி இருந்தது என்றுதான் சொன்னேன், ஓடியது என்று சொல்லவில்லை. தள்ளினால் ஓடும், திட்டினால் ஓடும், மனசு வைத்தால் சில நாள் தானாகவும் ஓடும். கரடியின் பெயர் வெள்ளியங்கிரி. கரிக்கட்டை நிறத்தில் இருக்கும் பிராணிக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. மலையடிவார ஊர்களில் அந்த மாதிரி வண்டியைக் குட்டியானை என்பார்கள். காட்டுக்குள் அப்படிச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அன்று காலை அந்த வண்டி ஓடியே தீர வேண்டும். மலைக்கு மேலே, மேல்காட்டில், தங்கை பூவாத்தாளின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பெண்ணை மணவறைக்கு அழைக்க மாட்டார்கள், அது கரடிகளின் வழக்கம். இதே பெண்ணின் காதுகுத்துக்கு வெள்ளியங்கிரி கிளம்பியபோது வண்டி பாதி மலையில் படுத்துக்கொண்டது. மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை யாரோ ஒரு பங்காளி மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அதற்கப்புறம் பூவாத்தாள் அண்ணனோடு பேசவே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோதுதான் வாயைத் திறந்தது.

"இந்தத் தடவையும் நீங்க வர்லீன்னா, எனக்கு அண்ணனே பொறக்கலீன்னு நெனச்சுக்கறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. வெள்ளியங்கிரிக்கு அன்றிலிருந்து தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆகவே பொழுது விடிந்ததுமே தேன் குடங்களையும் பட்டுச் சேலையையும் குத்துவிளக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, காட்டின் ஒரே பெட்ரோல் பங்க்குக்கு வந்தது. பங்க் நரி நஞ்சப்பனுடையது. வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'இனி நம் காட்டுக் கரும்பு கலந்த பெட்ரோல்.'

"இதென்னுங் நஞ்சப்பா, பெட்ரோல்ல கரும்பு?"

"கரும்புச் சக்கையெல்லாம் இல்லீங்ணா. கரும்புல இருந்து எத்தனால்னு ஒண்ணு எடுக்கறாங்க. அதக் கலக்கறோம். இனி எண்ணெய்க்கு அடுத்த காட்டுக்காரன்கிட்டக் கையேந்த வேண்டாமுங்க. நம்ம கரும்பு, நம்ம வண்டி."

"நம்ம வண்டி பழசாச்சே. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"இஞ்சினுக்கென்னுங் தெரியும், பழசு புதுசு?" என்றது நரி.

ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் இல்லை வெள்ளியங்கிரி. வண்டிக்குள்ளிருந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டியது. 'சந்தேகம் இருப்பின் உதவி எண்ணை அழைக்கவும்' என்று போட்டிருந்தது. அழைத்தது. மறுமுனையில் கிளி.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

"கலப்புப் பெட்ரோல் ஊத்தலாமுங்களா?"

"கலப்புப் பெட்ரோல் ஊத்தலாமுங்களா?" என்றது கிளி.

"அதத்தானுங் நான் கேக்கறேன்."

"அதத்தானுங் நான் கேக்கறேன். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டு, பங்க்குக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டிருந்த மெக்கானிக் பாவாயியிடம் போனது. பாவாயி குரங்கு. ஒரு லாரிக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வராமலே பதில் சொன்னது.

"பழைய வண்டிக்கு ரப்பர் குழாயெல்லாம் இளகிப் போகும். மைலேஜ் கொறையும். உங்க டாங்குல மழைத்தண்ணி வேற நிக்குது. அந்தச் சரக்கு தண்ணியக் கண்டா விடாது, கட்டிப் புடிச்சுக்கும். ரெண்டும் சேந்து இஞ்சினுக்குள்ள போச்சுன்னா வண்டி இருமும்."

"அப்ப ஊத்தக் கூடாதுங்கறயா?"

"நானெங்கீங் அப்படிச் சொன்னேன்? ஊத்துனா எங்கிட்ட வருவீங்கன்னு சொன்னேன்."

வெள்ளியங்கிரிக்குத் தலை சுற்றியது. கலக்காத பெட்ரோல் வேண்டுமானால் அடிவாரத்து டவுனுக்கு இறங்க வேண்டும். போய்த் திரும்புவதற்குள் முகூர்த்தம் முடிந்து பந்தியே பாதி ஆகிவிடும். ஊற்றினால் வண்டி போய்விடும், ஊற்றாவிட்டால் தங்கை போய்விடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றுகொண்டிருந்தபோது, நஞ்சப்பன் வேறொரு வண்டிக்குப் பெட்ரோல் போட ஆரம்பித்தது. காற்றில் ஒரு வாசம் வந்தது. வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாய்ப் பக்கம் வருகிற வாசம். மனுசன் மூக்குக்கு அது எட்டாது. கரடி மூக்குக்கு எட்டும். எட்டினால் கரடிக்கு யோசனை ஓடாது.

"ரொப்பு நஞ்சப்பா," என்றது வெள்ளியங்கிரி. டாங்கு வாய் வரைக்கும் ரொப்பியாயிற்று.

முதல் வளைவு வரை வண்டி ராசா மாதிரி போனது. இந்தக் குரங்கு பேச்சைக் கேட்டு எவ்வளவு நேரம் வீணாய்ப் போயிற்று என்று வெள்ளியங்கிரி நினைத்த அதே இடத்தில் வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. அப்புறம் சாலையோரம் ஒதுங்கி, காதுகுத்துக்குப் படுத்த மாதிரியே படுத்துக்கொண்டது.

போன் அடித்தது. தங்கை.

"எங்கண்ணா இருக்கீங்க? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. 'எங்கம்மா உன்ற அண்ணன்?'னு ஆளாளுக்குக் கேக்கறாங்க."

"இதோ பக்கத்துல வந்துட்டேன் அம்மிணி. ஒரே வளைவு."

உலகத்தில் எந்தப் பிராணியும் வழியில் நின்றால் சொல்கிற பொய் அது. சொல்லி முடித்ததும் வெள்ளியங்கிரிக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதது. அவ்வளவு பெரிய உடம்பு அழுதால் வண்டியும் சேர்ந்து குலுங்குகிறது.

அப்போதுதான் மூங்கில் புதர் விலகி யானை சென்னியப்பன் சாலைக்கு வந்தது. அந்த மலைப்பாதையில் கரும்பு லாரி எது போனாலும் சென்னியப்பனுக்கு ஒரு கட்டு இறக்கிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். லாரிக்காரர்களும் முகம் சுளிக்காமல் போட்டுவிட்டுப் போவார்கள். யானையிடம் ரசீது கேட்டு வழக்கம் இல்லை.

"எங்கப்பா என்ற கட்டு?"

"கரும்பே ஏத்தலீங் பெரியவரே. சீரு கொண்டு போறனுங். பூராவும் தேனுங்க."

தேன் என்றதும் சென்னியப்பன் ஓரடி பின்வாங்கியது. அந்த உடம்புக்குத் தேனீ என்றால் அப்படியொரு பயம். ஆனாலும் தும்பிக்கை கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி மோந்துகொண்டே வந்து, பின்னால் புகைக்குழாயில் போய் நின்றது.

"இங்க கரும்பு வாசம் அடிக்குது."

"அது பெட்ரோலுங்க. கரும்புல இருந்து எடுத்துக் கலந்திருக்காங்க."

"அப்ப உள்ள கரும்பு இருக்குதுங்கற."

"இருக்குதுங். ஆனா இல்லீங்."

இது அரசாங்கப் பதில் மாதிரி இருக்கிறதே என்று யானைக்கு எரிச்சல் வந்தது. கரும்பு வெளியே விழட்டும் என்று நெற்றியை வைத்து வண்டியின் பின்புறம் ஒரு தள்ளு தள்ளியது. வண்டி கியரில் கிடந்தது. சக்கரம் உருண்டதும் இஞ்சின் 'குபுக்' என்று ஒரு தரம் இருமி, கரும்பு வாசம் கமகமக்க ஒரு வாய் புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டது. "அடடா," என்றது. மறுபடியும் தள்ளியது. மறுபடியும் குபுக். மறுபடியும் வாசம். வெள்ளியங்கிரிக்குக் கண்ணீரோடு கண்ணீராக விஷயம் புரிந்தது. வாயைத் திறக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் பார்த்து ஒடித்தது. இப்படியாக, தள்ளத் தள்ள வாசம், வாசம் வர வரத் தள்ளல் என்று வளைவுக்கு மேல் வளைவாக வண்டி மலை ஏறியது.

மேல்காட்டில் நாயனக்காரர்கள் பொறுமை இழந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். 'மாமன் இல்லாட்டிப் போகுது, பொண்ணக் கூட்டிட்டு வாங்க' என்று ஒரு சம்பந்தி வாயெடுத்த நேரம். சாலைத் திருப்பத்தில் சீர் வண்டி தெரிந்தது. வண்டிக்குப் பின்னால் மலை போல யானை தெரிந்தது.

"ஆனையோட சீரு கொண்டாந்திருக்கான்யா!" என்று யாரோ கத்தினார்கள். பந்தலே எழுந்து நின்றது. யானையோடு வந்த தாய்மாமனை அந்தக் கரடி வம்சமே கண்டதில்லை. பூவாத்தாள் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மியது. காதுகுத்துக் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. வெள்ளியங்கிரி தன் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பந்தல் வாசலில் கட்டியிருந்த கரும்பைச் சென்னியப்பன் அவிழ்த்துத் தின்றதைக்கூடச் சீர்முறை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டது.

"ஏனுங் மச்சான், வண்டிக்கு அந்தக் கரும்புப் பெட்ரோலுங்களா? மைலேஜ் எப்படி?"

வெள்ளியங்கிரி உண்மையைத்தான் சொன்னது. "ரொப்புனதோட மலையேறி வந்திருக்கறனுங். பெட்ரோல் முள்ளு அசையலீங்."

திரும்பும்போது முழுக்க இறக்கம். வண்டி தன்னால் உருண்டு வீடு வந்து சேர்ந்தது. முள் அப்போதும் அசையவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டவர்களுக்கும் வெள்ளியங்கிரி அதையே சொன்னது. யானை தள்ளியது என்று சொல்ல ஒன்றிரண்டு தடவை வாயெடுத்ததுதான். யானையோடு சீர் வந்த பெருமையைத் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்போது, அது வெறும் தள்ளுயானை என்று எப்படிச் சொல்வது?

நரி பலகையை மாற்றியது. 'ஒரே டாங்க். மலை ஏறி இறங்கியும் முள் அசையவில்லை' என்ற எழுத்துக்குக் கீழே மாலையோடு வெள்ளியங்கிரியின் படம். மான், முயல், காட்டெருமை என்று பழைய வண்டி வைத்திருந்த சனமெல்லாம் வரிசையில் நின்று ரொப்பிக்கொண்டு போயின. எல்லா வண்டியும் முதல் வளைவு தாண்டி இருமியது, படுத்தது. சென்னியப்பனோ வாசம் போதுமான அளவுக்குக் கிடைக்கிறதென்று பங்க் வாசலிலேயே குடிவந்துவிட்டது.

ஆனால் ஒரு வண்டிக்காரரும் நரியிடம் போய்க் குறை சொல்லவில்லை. கரடியின் ஓட்டை வண்டியே ஏறியிருக்கிறது, தன் வண்டி ஏறவில்லை என்றால் மானம் என்னாவது? நல்ல இருட்டான பிறகு பாவாயி பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் சந்தையில் "சும்மா பறக்குதுங்க" என்றன.

காட்டெருமை ஒன்று மட்டும் மனசு கேட்காமல் வெள்ளியங்கிரியைத் தனியாக ஓரங்கட்டியது.

"நெசத்தச் சொல்லுங். அந்தப் பெட்ரோல ஊத்தலாமுங்களா, வேண்டாமுங்களா?"

வெள்ளியங்கிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னது.

"தாராளமா ஊத்துங்க. ஆனா பின்னால ஆரு வர்றாங்கன்னு பாத்துட்டு ஊத்துங்க."

நீதி: எரிபொருளைப் பற்றி ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பின்னாலிருந்து தள்ள ஒரு யானை இருந்தால், எதை ஊற்றினாலும் நல்ல மைலேஜ் கிடைக்கும்.