கான் சேரும் அம்மாவின் அவரைப் பந்தலும்

மலைநாட்டில் மழைக்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது அண்ணாந்து பார்த்து, “இது நல்லதுக்கில்ல” என்று உதறல் எடுத்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கான் சேர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அது யாருக்கும் தெரியாது. கான் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். மனிதர் வாயைத் திறந்தால் கான்தான். லயம் என்கிற வரிசை அறைகளில் இருந்தவர்களுக்குத் தனி வீடு கட்டும் திட்டத்தில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் அதே ஹட்டன் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாங்கள் கட்டிய வீடுகளில் கடைசி வீடு, உயர்ந்த மண்கரைக்கு நேர் கீழே நிற்பது, என் அம்மாவுக்குக் கிடைத்தது. அதனால் அவருடைய பயத்தில் பாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தலைக்கவசத்தைக் கல்யாண வீட்டில்கூடக் கழற்ற மாட்டார். பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் “மெதுவா, மெதுவா, பள்ளம்” என்பார். ஒருநாள் கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

“சேர், நீங்களே வந்து ஓட்டுறீங்களா?”

“ஐயோ, எனக்குப் பயமா இருக்குமே!”

புது நிலம் பார்க்கப் போனால், போத்தலில் கொண்டுவந்த தேநீரில் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். தோட்டத்து ஆட்கள் அவர் முனியாண்டிக்குப் படைக்கிறார் என்றே நினைத்தார்கள். அடுத்த வாரம் போனால் அந்த இடத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் இருந்தது.

ஒரு வீடு கட்டுவதென்றால் பல கட்டங்கள். முதலில் யோசனை, பிறகு மாதிரிப்படம், அதற்குப் பிறகு அளவுகளோடு விரிவான படம், அப்புறம் பிரதேச சபை அனுமதி, மண்சரிவு ஆபத்தைப் பார்க்கும் அலுவலகத்தின் அனுமதி. மற்றவர்கள் ஒவ்வொரு கட்டமும் முடிய நிம்மதியடைவார்கள். கான் சேர் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக ஒரு பயம் வைத்திருந்தார். யோசனைக் கட்டத்தில் மலை சரியும். மாதிரிப்படத்தில் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு அத்திவாரத்தில் விழும். விரிவான படத்தில் மலசலகூடக் குழி குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே வந்துவிடும், அடுப்புப் புகை போக வழியிருக்காது, பிளக்கில் பிள்ளை விரலை விடும். நான் சமையலறை வரைந்தால் அவர் அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் கான் வரைவார். ஒரு படத்தில் வீட்டைவிடக் கான்தான் பெரிதாக இருந்தது.

இவ்வளவு பயப்படுகிற மனிதர் ஏதோ ஒரு மண்சரிவில் யாரையோ பறிகொடுத்திருப்பார் என்று நினைத்து, ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

“இல்ல தம்பி, எனக்கு எல்லாரும் இருக்காங்க. அதுனாலதான் பயம்” என்றார்.

வீடுகள் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் பின்னால், மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை மறித்துத் திருப்ப ஆழமாக ஒரு கான். அது சரியாக இருந்தால்தான் குடியேறலாம் என்று கையெழுத்து வைப்பேன் என்றார். சனங்களின் கண்ணுக்கோ அது வீணாகக் கிடக்கும் நிலம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாதவர்கள் கிடைத்த மண்ணில் எதையாவது நட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? அம்மா கானை அழகாக மண் போட்டு மூடி, அவரைக்கொடி நட்டு, பந்தலும் போட்டுவிட்டாள். கான் சேர் அதைப் பார்த்துத் தலைக்கவசத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“அம்மா, இது கான்!”

“தெரியும் சேர். அவரைக்கு நல்ல எடம்.”

“தண்ணி எங்கம்மா போகும்?”

“ஏழு பேர்ச்சு நெலத்துல அர பேர்ச்சத் தண்ணிக்குக் குடுத்துட்டு நாங்க எங்க நடுறது? கூரையிலயா?”

அவர் கையெழுத்து வைக்கவில்லை. அம்மா கவலைப்படவுமில்லை. நல்ல நாள் பார்த்தாள், பால் காய்ச்சினாள், குடிபோய்விட்டாள். சட்டப்படி அந்த வீட்டில் ஆள் இருக்கக்கூடாது என்று சொல்ல நானே போனேன். “பால் பொங்குன வீட்ட விட்டு எறங்கச் சொல்றியா?” என்று ஒரே கேள்வி. லயத்துக் கூரையில் ஓட்டை, சுவரில் வெடிப்பு. அங்கே திரும்பிப் போ என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அந்த மழை மதியம் தொடங்கியது. அலுவலக யன்னலில் எதிரே இருந்த மலை காணாமல் போனது. கான் சேர் எழுந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. “தம்பி, உங்கம்மா” என்றார், அவ்வளவுதான். அம்மாவின் போனில் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒரு திரீவீலில் ஏறினோம். பள்ளம், வளைவு என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது பந்தலடியில் தண்ணீர் தேங்கி, செக்கச்செவேலென்று குசினிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

“அம்மா, வெளிய வாங்க!” என்று கத்தினேன்.

“ஒலை கொதிக்குதுடா, இந்தா வாறேன்!”

கான் சேர் ஒருநாளும் மண்கரைக்குப் பக்கத்தில் போனவரில்லை. அளவெடுக்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். அந்த மனிதர் மண்வெட்டியோடு பந்தலுக்குள் இறங்கிவிட்டார். ஒவ்வொரு வெட்டுக்கும் “ஐயோ, பயமா இருக்கே! ஐயோ, பயமா இருக்கே!” என்று அழுதபடியே வெட்டினார். நானும் இறங்கினேன். பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். கடைசியில் அம்மாவே வந்து, பூவும் பிஞ்சுமாக நின்ற கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தாள். கான் திறந்ததும் தண்ணீர் இரைச்சலோடு திரும்பி ஓடியது.

அப்போதுதான் மேலே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. கரையில் ஒரு துண்டு, தேயிலைச் செடியோடு, கானுக்குள் சரிந்தது. ஒரு கணம் தலைக்கவசம் தெரியவில்லை. நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. பிறகு பார்த்தால் இடுப்பளவு சேற்றில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். ஒரு சப்பாத்து மட்டும் மலைக்குப் போனது. சேறு குசினிச் சுவரைத் தொடவில்லை.

எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு விரட்டினார். அம்மா இடுப்பில் சோற்றுப் பானையோடு வந்தாள். அங்கே அவருக்குத்தான் முதலில் போட்டுக் கொடுத்தாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசல் வழியாக மலையையே பார்த்தார். “சாப்பிடுங்க தம்பி” என்றாள் அம்மா. சேர் என்று சொல்லவில்லை.

பிறகு கரைக்குக் கல்லுக்கட்டு வந்தது, கான் சீமெந்தானது, கையெழுத்தும் கிடைத்தது. கான் சேர் மாற்றலாகி டயகம பக்கம் போனார். அங்கே போயும் எங்களை விடவில்லை. வானம் கறுத்தால் அம்மாவுக்குப் போன் வரும். “அக்கா, கான்ல தண்ணி ஓடுதா?” அம்மாவும் குடையோடு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

“சும்மா தொந்தரவு பண்றாரே, வேணாமுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன் ஒருநாள்.

“விடுடா. லயத்துல கூர பறந்தப்பகூட என்னா ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல. நமக்காகப் பயப்பட ஒரு ஆள் இருந்துட்டுப் போகட்டும்.”

போன வாரம் விடாமல் அடைமழை. போன் வரவில்லை. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கடைசியில் தானே எடுத்து நம்பரை அழுத்தினாள்.

“தம்பி, இங்க கான் நல்லா ஓடுது. உங்க வீட்டுப் பக்கம் எப்பிடி? கரைக்குக் கீழ நிக்காதீங்க, என்னா?”

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அம்மா சிரித்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.