பதினாலாம் நம்பர் படுக்கை

கண்ணைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவருடைய கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ!" என்று அலறி, பரிசோதகர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நீங்க தூங்குங்க, பரவாயில்லை. நான் சும்மா கொஞ்சம் காலை நீட்டிக்கறேன்," என்றார் அந்த அம்மாள். நீட்டவும் செய்தார்.

முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்தவர் படுக்கையில் படுத்திருப்பவர்களை எழுப்பி விரட்டுவதுதான் உத்தியோகம். பொய்க்குறட்டை விட்டவர்களைக்கூட விட்டதில்லை. அப்பேர்ப்பட்டவரின் படுக்கையிலேயே ஒருவர் காலை நீட்டினால் வயிறு எரியாதா?

எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அவரைப் பார்க்க ஹோட்டலுக்கு வருகிறார்கள். பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ். அவர்களுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பெரியவர்கள் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசவேண்டியதுதான் பாக்கி. மகளுக்கு பயமே அந்த நாலு வார்த்தைதான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இவர் வாயால் போயிருந்தது. அதில் ஒருவர் செய்த குற்றம், தெரியாமல் இவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது.

அறை போட்டுக் கொடுத்ததும் மகள்தான். "இது இந்தக் காலத்து ஹோட்டல்ப்பா. ரிசப்ஷன் கிடையாது, சாவி கிடையாது. ஸ்டேஷனுக்கு எதிர்ல கண்ணாடிக் கட்டடம், முதல் மாடி, நம்பர் பதினாலு. நேரா போய்ப் படுத்துக்கலாம். அங்க எல்லாரும் எல்லார்கூடயும் வீட்டு மனுஷங்க மாதிரி பழகுவாங்க. நீங்க யாரையும் கடிச்சு வைக்காதீங்க."

சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வந்து நுழைந்ததுமே மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி, "வாங்க சார்! மேல போங்க. உக்காருங்க, படுங்க, உங்க இஷ்டம்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மாடியில் வரிசையாகப் படுக்கையறைகள். பதினாலில் தலைமாட்டிலேயே நம்பர் சீட்டு தொங்கியது. ரயில் பெட்டியில் முன்பதிவுப் பட்டியல் ஒட்டியிருப்பதைப் பார்த்ததுபோல அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துப் படுத்தவர்தான்.

செருப்பு அம்மாள் கால்வலி தீர்ந்து எழுந்து போனதும், மகளுக்கு போன் போட்டார்.

"ஏம்மா, இங்க கண்டவங்களும் கட்டில்ல வந்து உக்கார்றாங்க!"

"நான்தான் சொன்னேனே, பழகுவாங்கன்னு. பொறுத்துக்கோங்கப்பா, எனக்காக. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துல ஏதோ கடைவேலையை முடிச்சிட்டு அப்படியே வந்துடுவாங்களாம். ஷேவ் பண்ணிட்டு ரெடியா இருங்க."

ஷேவ் செய்யக் குளியலறைக் குழாயைத் திருகினார். சொட்டு இல்லை. எட்டிப் பார்த்து மஞ்சள் சட்டையைக் கூப்பிட்டார்.

"அதுல தண்ணி வராது சார்," என்றாள் அவள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

"குழாய்னா தண்ணி வரவேணாமாம்மா?"

"அவசரம்னா கீழே ஸ்டாஃப் ரூம்ல இருக்கு சார், போய்க்கோங்க."

கடித்து வைக்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஸ்டாஃப் ரூம் குழாயோ பீறிட்டு அடித்தது. முகம் நனைந்ததைவிடச் சட்டை அதிகம் நனைந்தது. சம்பந்திக்காகப் போட்டு வந்த ஒரே நல்ல சட்டை! அதை அறையின் அலமாரியில் மாட்டிக் காயவிட்டு, பனியனோடு உட்கார்ந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம் ஜோடி வந்தது. நேரே போய் அலமாரியைத் திறந்தது. அந்தப் பெண் சட்டையை எடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க அங்கிள்," என்று அவர் கையிலேயே கொடுத்தாள். பையன் அலமாரிக்குள் ஏறி நின்றான்.

"நானே உள்ள நிக்கலாம் போல!"

பரிசோதகர் ஈரச் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இது பழகுவதா? இது என்ன ஊர், இவர்கள் என்ன பிறவி?

அவர்கள் போனதும் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். ஐந்து நிமிஷம் நிம்மதி. பிறகு இரண்டு பேர் கதவைத் தள்ளி, நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்தார்கள்.

"ஏய், ஏய்! அதை எங்கய்யா கொண்டு போறீங்க?"

"இது எங்க வீட்டுக்குப் போகுது சார்," என்று இறங்கிப் போனார்கள்.

பட்டப்பகலில்! ஆள் உட்கார்ந்திருக்கும்போதே! இனி மிச்சமிருப்பது கட்டில் ஒன்றுதான். அதையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று கையையும் காலையும் நாலு மூலைக்கும் விரித்துக் குறுக்கே படுத்தார்.

அப்போதுதான் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குப் பெரிய மீசை. அம்மாளுக்குப் பட்டுப்புடவை, கையில் பழக்கூடை.

"சார், கொஞ்சம் நகர்றீங்களா?" என்றார் மீசைக்காரர், மிகவும் மரியாதையாக. "நானும் இவளும் ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்துடறோம்."

முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் அவருக்குள் விசில் ஊதியது. பனியனோடு கட்டில்மேல் எழுந்து நின்றார்.

"சீட்டு இருக்கா? சீட்டு எடுங்க!"

"இன்னும் சீட்டு போடலை சார், படுத்துப் பார்த்துட்டுத்தான்..."

"சீட்டில்லாம படுப்பீங்களா? வயசுக்கேத்த புத்தி வேணாம்? பழக்கூடை வேற! அடுத்தவன் படுக்கையில புருஷனும் பொண்டாட்டியுமா வந்து படுக்கணுங்கறீங்களே, வெக்கமா இல்லை?" மெத்தை அதிரக் குதித்தார். "உங்க வீட்டுக்கு வாழ வர்ற பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சோ!"

மீசைக்காரரின் முகம் சுருங்கிப்போனது. "எங்க பையனுக்காகத்தான் சார்..." என்று தொடங்கினார்.

"பையன் வேற வர்றானா? மூணு பேரா? வெளிய போங்கய்யா!"

போகிற போக்கில் அந்த அம்மாள் புருஷனின் காதில் கிசுகிசுத்தார்: "ஆளு ஒரு மாதிரிதான். ஆனா இந்தக் குதி குதிச்சும் கட்டில் ஒரு முனகல் முனகலை, பார்த்தீங்களா?"

அது பரிசோதகருக்குப் புரியவில்லை. ஆனால் மனசு லேசாகிவிட்டது. இன்றைய கோபத்தை எல்லாம் எவனோ ஒரு வழிப்போக்கன்மேல் கொட்டித் தீர்த்தாயிற்று. இனி சம்பந்தியிடம் தேனாகப் பேசலாம். ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிக்கப் பழகினார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். போன் அடித்தது.

"அப்பா, அவங்க வந்துட்டாங்களாம். யார்கிட்டயும் சண்டை போடலையே?"

"சேச்சே! நான் வாயையே திறக்கலைம்மா. வரச் சொல்லு, தங்கமா நடந்துக்கறேன்."

வாசலில் காலடிச் சத்தம். கைகூப்பிக்கொண்டு எழுந்தார்.

வந்தது இரண்டு நீலச் சட்டைக்காரர்கள். ஒருவர் தோளில் கயிறு. மற்றவர் காதில் பென்சில், கையில் ஒரு சீட்டு. பென்சில்காரர் தலைமாட்டு நம்பரைச் சரிபார்த்து, பரிசோதகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இந்தக் கட்டிலுக்கு உங்ககிட்ட சீட்டு இருக்கா?"

முப்பத்து நாலு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. "சீட்டா? என்கிட்டயா? பதினாலாம் நம்பர், என் பொண்ணு புக் பண்ணினது!"

"சீட்டு என்கிட்ட இருக்கு சார், இறங்குங்க," என்றார் பென்சில்காரர். "கட்டில் வித்தாச்சு. வாங்கின மீசைக்காரர் பக்கத்துக் கட்டடத்து ஹோட்டல்ல பொண்ணோட அப்பாவைப் பார்த்துப் பேசிட்டு வர்றதுக்குள்ள, நாங்க கழட்டி வண்டியில ஏத்தியாகணும்."