கண்ணாடிக் கதவும் ஆறு இங்கிலீஷ் வார்த்தைகளும்

"இங்கிலீஷு கத்துக்கினு யார்கிட்டடி பேசப் போற? தார்க்கட்டைகிட்டயா?"

எங்கள் தறி ஓனரம்மா இப்படிக் கேட்டபோது நான் நகரியில் அவர்களுடைய விசைத்தறிக் கொட்டகையில் உட்கார்ந்து ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். (தார்க்கட்டை என்பது நெசவுக்கான நூலைச் சுற்றி வைக்கும் சின்னக் கட்டை. அதற்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழும் தெரியாது.) புத்தூரில் பி.காம். முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான் என்பதால் அப்போது என் கழுத்து மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. ஓனரம்மாவுக்குச் சுடச்சுட ஒரு பதிலும் வைத்திருந்தேன். சொன்னாலும் அவர் காதில் விழுந்திருக்காது. பன்னிரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கேட்டதையே நான் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விசைத்தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வித்தைகள் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும். ஒன்று, கத்துவது. இரண்டு, வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பது. எங்களுக்குச் சைகையும் உண்டு. ஒருவர் காதில் கை வைத்தால் 'கேக்கல, சத்தமா சொல்லு' என்று பொருள். இது உலகம் முழுவதற்கும் பொது என்று நான் நம்பியிருந்தேன். பி.காம். பாடத்திட்டத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை.

அந்தச் சமயம்தான் ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கத்துப் பையன்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். அதில் ஒரு கம்பெனிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்து போன் எடுக்க ஒரு பெண் தேவை, திருப்பதியில் நேர்முகத் தேர்வு என்று என் கல்லூரித் தோழி சேதி கொண்டுவந்தாள்.

"எழுத்தக் கலைச்சிக் குடுப்பாங்களாம்டி. அதே எழுத்த வெச்சி எத்தினி வார்த்த வருதோ சொல்லணும். ஒவ்வொன்னுக்கும் எத்தினி அர்த்தமோ, அதயும் சொல்லணும்" என்று சொல்லி, திருப்பதிக் கோச்சிங் சென்டரின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தாள். ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். நாற்பது பக்கம்.

நான் சொக்கிப்போனேன். எஸ், டி, ஓ, பி. நான்கே எழுத்து. இடம் மாறி உட்கார்ந்தால் ஸ்டாப், போஸ்ட், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ் என்று ஆறு வார்த்தை! அதில் போஸ்ட் என்றால் தபால். தெருவில் நிற்கும் கம்பமும் அதுவே. நான் தேடிக்கொண்டிருந்த வேலையும் அதுவே. ஸ்பாட் என்றால் இடம், துணியில் படிந்த கறை, ஒன்றைக் கண்டுபிடிப்பதும்கூட. டாப்ஸ் என்றால் உச்சிகள், பம்பரங்கள், என்னிடம் இல்லாத ஒருவகைச் சட்டைகள். இங்கிலீஷும் எங்கள் வீடு மாதிரிதான் போலிருக்கிறது, ஒரே சட்டையை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு அந்த மொழியிடம் பயம் போய்விட்டது. மரியாதையும் கொஞ்சம் போய்விட்டது.

தார் சுற்றிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். தறி 'டடக் டடக்' என்று அடிக்க, அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி கத்தினேன். எனக்குப் பரீட்சை வைத்தது யார் தெரியுமா? நைனா. என் அப்பா, கைநாட்டு வைக்கிறவர். எதிரே தறியில் நின்றபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். முடித்ததும் விரலைக் காட்டுவார்.

"அஞ்சிதான் வந்துச்சி. அந்தப் பானைய உட்டுட்ட பாரு."

பாட்ஸ் என்றால் பானைகள் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவரை ஏமாற்ற முடியவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் நைனா ஒரு காரியம் செய்தார். நேராக ஓனரம்மாவிடம் போய், "நாளையிலேர்ந்து எம்பொண்ணு தார் சுத்த வராதும்மா. அந்த ராட்டினத்த வேற யாருக்குனா குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் என் இடத்தில் வேறொரு அக்கா உட்கார்ந்துவிட்டாள். திரும்பிவர எனக்கு ஒரு மணைகூட மிச்சமில்லை.

மறுநாள் திருப்பதி. கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த அலுவலகம். வாசலில் இருந்த வாட்ச்மேன் தாத்தாவிடம், "மணி என்ன தாத்தா?" என்றுதான் கேட்டேன். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்று, "மெல்லகா மாட்லாடம்மா" என்றார். மெதுவாகப் பேசச் சொல்கிறார் என்று புரிந்தது. பாவம், வயதானவர், காதில் ஏதோ கோளாறு என்று இரக்கப்பட்டேன்.

கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. அறை. உள்ளே சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ஒருவர், ஒரு மேடம். தறி இல்லை, ஃபேன் இல்லை, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் என் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. மேனேஜர் ஒரு தாளில் நான்கு எழுத்துகளை எழுதி என் பக்கம் தள்ளினார். ஓ, எஸ், டி, பி.

என் எழுத்துகள்! நாற்பது பக்கத்திலிருந்து அதுவே வந்துவிட்டது!

வாயைத் திறந்தேன். எனக்குள் பன்னிரண்டு தறிகளும் ஓடத் தொடங்கின. "ஸ்டாப்! நில், நிறுத்து, பஸ் நிற்கும் இடம்! போஸ்ட்! தபால், கம்பம், வேலை!"

மேடம் இரண்டு கைகளையும் இரண்டு காதுகளிலும் வைத்தார்.

ஒரு கை வைத்தால் கேட்கவில்லை. இரண்டு கையும் வைத்தால் சுத்தமாகக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? நான் எழுந்து நின்றேன். அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "ஸ்பாட்ட்ட்!" மேனேஜர் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரில் அலை அடித்தது. (மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம்.) மேடம் காதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் இன்னும் ஏற்றினேன். பானைகளுக்கு வந்தபோது கதவு திறந்து வாட்ச்மேன் தாத்தா ஓடிவந்தார். "ஏமாயிந்தி சார்? கொடவா?" என்ன ஆச்சு, சண்டையா என்கிறார்.

அவரைத் தாண்டி ஆறாவது வார்த்தையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார் மேனேஜர்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. ஆனால் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. இரண்டு பேருடைய உதடுகளும் தெளிவாகத் தெரிந்தன.

மேனேஜர்: "ஆறும் சொல்லிடுச்சு. அர்த்தத்தோட சொல்லுது. ஆனா போன் எடுத்தா எதிர்ல பேசறவன் காது கிழிஞ்சிடும்."

மேடம்: "வேணாம் சார். இந்த மாதிரி பொண்ணுங்க ரெண்டு நாள் வரும். மூணாவது நாள் அழுதுட்டு ஊருக்குப் போய்டும்."

ஊரில் ராட்டினம் போய்விட்டதே! யோசிக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "அழமாட்டேன் மேடம்! திரும்பிப் போறதுக்கு எனக்கு எடமே இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். வாட்ச்மேன் தாத்தா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

மேனேஜர் எழுந்து கண்ணாடி அருகே வந்தார். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார்: "காலைல என்ன சாப்ட்ட?"

"ரெண்டு இட்லி சார். பஸ்சுலயே துன்னேன்."

"சட்னியா, சாம்பாரா?"

"சட்னி சார். ஊசிப்போச்சி."

அவர் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. கதவைத் திறந்தார். "இத எங்க கத்துக்கின?" அவரும் எங்கள் மாதிரியே பேசினார். தறிக் கொட்டகையைப் பற்றியும் காதில் கை வைக்கும் எங்கள் சைகையைப் பற்றியும் சொன்னேன்.

"ரிசப்ஷன் உனக்குச் சரிப்படாதும்மா. எங்க பிரஸ் ஷாப்ல தகடு வெட்ற மெஷின் ஓடும். எல்லாரும் காதுல அடைப்பான் போட்டிருப்பாங்க. ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்காது. அங்க டிரெய்னியா வர்றியா?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் குரல் மெதுவாக வந்தது. "வரேன் சார்" என்றேன்.

அவர் காதில் ஒரு கையை வைத்தார்.

நேராக நகரிக் கொட்டகைக்குத்தான் போனேன். வாசலில் நின்று வாயை மட்டும் அசைத்தேன்: "கெடச்சிச்சி நைனா." நூல் அறுந்தால்தான் நைனா தறியை நிறுத்துவார். அன்று நூல் அறுந்திருக்கவில்லை. நிறுத்தினார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ரகசியம் பேசத் தொடங்கினால் நைனா இரண்டு காதிலும் கை வைத்துக்கொள்வார். அம்மா சிரித்து முடிக்கும்வரை ரகசியம் காத்திருக்க வேண்டும். கொட்டகையில் ஓனரம்மா, "இன்னாய்யா, சும்மாவே வாய மென்னுக்கினு இருக்க?" என்று கேட்டால், "இங்கிலீஷும்மா" என்கிறாராம்.

போன வாரம் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் பதவிக்கு மனு கொடுத்துவிட்டேன். நேர்முகத் தேர்வு திருப்பதியில், அதே அறையில். கேள்வி கேட்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் எனக்குப் பரவாயில்லை என்று மனுவின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.