இரண்டு கோட் பிங்க்

எனக்குச் சந்தேகமே வராது. என்னிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான். (மற்றதை என் மனைவி சொல்வாள்.)

கூடுவாஞ்சேரியில் ஒரு பட்டறை. இரும்பு பார்ட்டுகளுக்கு முலாம் பூசுவோம், கறுப்பேற்றுவோம், பெயிண்ட்டைப் பவுடராகத் தூவிச் சுடுகிற பவுடர் கோட்டிங்கும் அடிப்போம். அங்கே எட்டு வருஷம் ஆசிட் தொட்டியில் நின்றேன். விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் என்னை ஆளே இல்லை என்று சொல்லும்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"குமாரு, சூப்பர்வைசர் வேலைய உட்டுட்டுப் போய்ட்டான். இந்த ஆர்டர நீ பாத்துக்கோ. சரியா முடிச்சா அந்த வேலை உனக்கு. சொதப்பினா திரும்பத் தொட்டிதான்."

"சரி சார்."

சிறுசேரி பக்கம் கம்ப்யூட்டரில் மிஷின் வரைகிற ஓர் ஆபீஸின் ஆர்டர். மசாலா பாக்கெட் போடும் மிஷின். பார்ட்டுகளோடு இரண்டு தாள் வந்தது. முதல் தாளில் மிஷின் படம். பச்சை, நீலம், மஞ்சள், பிங்க் என்று கலர் கலராக. இரண்டாவது தாளில் படம் இல்லை, முழுக்க எழுத்து. அந்த மாதிரித் தாளோடு எனக்கு எட்டாவதிலேயே தகராறு. மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தேன்.

படம் தெளிவாக இருந்தது. எந்தப் பார்ட்டுக்கு எந்தக் கலர் என்று பச்சைப் பிள்ளைக்கும் புரியும். அப்படியே பவுடர் கோட்டிங் அடிக்க ஆரம்பித்தேன்.

மற்ற கலர் பவுடர் பட்டறையில் இருந்தது. பிங்க் மட்டும் இல்லை. பிங்க் பார்ட்டோ முப்பத்தொன்று.

என்னோடு தொட்டியில் நின்ற தாஸ் வந்து பார்த்தான்.

"இன்னா மச்சான், மிஷினா, பொம்மையா? பிங்க்கா கீது?"

"பெரிய ஆபீஸ்டா. அவங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு போன் போட்டுக் கேளேன்."

கேட்கவில்லை. (சூப்பர்வைசர் கேட்கலாமா?)

பிங்க் பவுடர் தேடிக் குரோம்பேட்டை, பல்லாவரம், கடைசியில் அம்பத்தூர். முழுப் பெட்டியாகத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். வாங்கி, பைக்கில் எனக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைப்பதுபோல் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு கோட்டில் இரும்பு லேசாகத் தெரிந்தது. இரண்டாவது கோட் அடித்தேன். அந்த மழமழப்பு என் கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பார்ட் பார்க்க ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். மிஷினை வரைந்தவரே அவர்தான். வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒரு பார்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராட்ட வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, என்ன இது?"

"நீங்க குடுத்த கலர்தான் மேடம். ஒண்ணுகூட மாறல."

"அது பெயிண்ட் கலர் இல்லண்ணா! எதுக்கு என்ன வேலை செய்யணும்னு அடையாளத்துக்குக் கம்ப்யூட்டர்ல வைக்கிற கலர். பச்சைன்னா ஜிங்க் முலாம். நீலம்னா கறுப்பேத்தணும். மஞ்சள்னா குரோம். ரெண்டாவது ஷீட்ல போட்டிருந்தேனே."

"பிங்க்?"

டீ கிளாசைத் தூக்கித் தாளை எடுத்தார். கடைசி வரிமேல் டீ வட்டம். அதில் விரல் வைத்தார்.

"பிங்க்னா ஒண்ணும் பண்ணக் கூடாதுண்ணா. அப்படியே விடணும்."

அதற்குத்தான் நான் நாலு நாள் உழைத்திருந்தேன்.

பையிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்து பிங்க் பார்ட்டின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். இரண்டு கோட் தடிப்பில் அது உள்ளே போகவில்லை. வழி இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.

முதலாளி திட்டவில்லை. தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையுறையை மாட்டினேன்.

அடித்ததையெல்லாம் உரித்தெடுக்கப் பதினோரு நாள் ஆனது. "வாங்க சூப்பர்வைசர்" என்று தாஸ் இடம் விட்டு நின்றான். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான். நான் இன்றைக்கும் தொட்டியில்தான் நிற்கிறேன்.

அந்த மேடம் அனுப்பும் படங்களில் இப்போது முதல் தாளிலேயே, பெரிதாக, தமிழில் ஒரு வரி இருக்கிறது: 'இந்தக் கலரை அடிக்க வேண்டாம்.' நான் படித்து முடித்த ஒரே வரி.

மீதிப் பவுடரை முதலாளி என் தலையில் கட்டினார். ஊரப்பாக்கத்தில் என் வீட்டு கேட் பிங்க். கூரியர்காரர்கள் வழி கேட்பதில்லை.

பிங்க் என்றால் என்ன அர்த்தம் என்பது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மிக்சி நின்று, நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் மகள் "அப்பா, பிங்க்!" என்பாள். கீழே வைத்துவிடுவேன்.

போன வாரம் மனைவிக்கும் அவள் அண்ணிக்கும் சண்டை. கூடத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். சமாதானம் செய்யலாம் என்று எழுந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"பிங்க்!"

உட்கார்ந்துவிட்டேன்.