மரம் சாயும் பக்கம் முதல் வரிசை

மனிதகுலத்தின் முதல் சாதனை நெருப்பு. இரண்டாவது, சங்கிலி ரம்பப் பாதுகாப்பு அலுவலகம். இடையில் நடந்ததெல்லாம் ஒத்திகை. நெருப்பைக் கண்டுபிடித்தவர் பெயர் தெரியவில்லை. அலுவலகத்தைத் திறந்தது ஹோண்டுராஸில் உள்ள சான் அன்செல்மோ நகராட்சி. நான் அதன் செயலர்.

விதி எளிமையானது. மார்ச் முதல் தேதிக்குப் பிறகு எங்கள் அனுமதி அட்டை இல்லாதவர் ரம்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ரம்பம் காவல் நிலையத்துக்குப் போகும். அட்டை வேண்டுமென்றால் இரண்டு நாள் பயிற்சி. பிறகு ஒரு மரத்தை வீழ்த்திக் காட்ட வேண்டும்.

விண்ணப்பித்தவர் ஒருவர்தான். எவரிஸ்தோ. முப்பத்தொரு வருடமாக மலையில் பைன் மரம் அறுக்கிறார். ஒரு விரலையும் இழக்கவில்லை. வீட்டில் ஆறு பேர் அந்த ஒரு ரம்பத்தை நம்பிச் சாப்பிடுகிறார்கள். இத்தகைய ‘முன் அனுபவம்’ பயிற்சிக்கு இடையூறு என்பதைத் தலைநகரிலிருந்து வந்த பொறியாளர் பெர்மூதெஸ் முதலிலேயே சுட்டிக்காட்டினார்.

பயிற்சி சிறப்பாக நடந்தது. எண்பத்து நான்கு படங்கள் திரையில் ஓடின. தலைக்கவசமும் ரம்பம் கிழிக்காத காற்சட்டையும் கண்ணாடி அலமாரியில் பாதுகாப்பாக இருந்தன. அழுக்காகிவிடக்கூடாது என்று பொறியாளர் அலமாரியைப் பூட்டி, சாவியையும் பாதுகாப்பாகத் தலைநகரில் வைத்திருந்தார். உள்ளே பொந்தாக இருக்கும் மரத்தை என்ன செய்வது என்று எவரிஸ்தோ கேட்டார். கேள்விகள் கடைசியில் என்று பதில் வந்தது. கடைசியில் மதிய உணவு வந்தது.

தேர்வுக்குத் தேர்ந்தெடுத்தது சதுக்கத்தின் குவானகாஸ்தே மரம். கிழமரம், மேற்கே சாய்ந்தது. சாய்ந்த பக்கம் கிளை அதிகம். கிளை அதிகமான பக்கம் நிழல் அதிகம். எங்கள் ஊரில் கல்யாணம், தடுப்பூசி, தேர்தல் எல்லாம் அந்த நிழலில்தான். ஆகவே பாதுகாப்பு விழாவுக்கும் அறுபது நாற்காலிகளை அங்கேயே போட்டோம். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசையில் மேயர் டோன்யா ஓடிலியா, பாதிரியார், பொறியாளர், நான்.

எவரிஸ்தோ மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். கோடரியின் பின்புறத்தால் தட்டினார். முரசு போலச் சத்தம் வந்தது. மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார். ரம்பத்தைத் தரையில் வைத்தார்.

“நாற்காலியெல்லாம் எடுக்கச் சொல்லுங்க, டோன்யா ஓடிலியா.”

“எங்க போடுறது?”

“சர்ச்சுக்கு அந்தப் பக்கம். மரத்தோட உயரத்துக்கு ரெண்டு பங்கு தள்ளி.”

“அங்க வெயில் கொளுத்துதேப்பா.”

“வெயில் மேல விழுந்து யாரும் நசுங்கினதில்ல.”

பொறியாளர் நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினார். மரம் கிழக்கே விழும் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது.

“மரத்துக்கு ஒரு நகல் குடுத்தீங்களா, இஞ்சினியர்?” என்றார் எவரிஸ்தோ.

டோன்யா ஓடிலியா சமரசம் பேசினார். பாதிரியாரை மட்டும் நகர்த்தலாம் என்றார். பாதிரியார் ஒப்பவில்லை, அவர் தலை வழுக்கை, வெயில் தாங்காது. படம் எடுக்க ரம்பத்தை ஒரு நிமிடம் ஓட்டினால்கூடப் போதும் என்று பொறியாளர் இறங்கி வந்தார். அட்டை போனால் ரம்பம் போகும் என்பதை நானும் நினைவூட்டினேன்.

எவரிஸ்தோ குனிந்து ரம்பத்தின் பிடியைத் துடைத்தார்.

“தெரியும், செக்ரட்டரி. அட்டை இல்லாம நான் பட்டினி கிடந்துக்குவேன். உங்க எல்லார் வீட்டு இழவுக்கும் என்னால வந்து நிக்க முடியாது.”

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தார். பலேயாதா ரொட்டி விற்கும் பெண் கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கூடையின் பின்னால் கூட்டம் போயிற்று. நெறிமுறை காரணமாக முதல் வரிசை மட்டும் அசையவில்லை.

பொறியாளர் படிவத்தை நிரப்பினார். கவசம் அணிந்தாரா: இல்லை. இயந்திரத்தை இயக்கினாரா: இல்லை. மரம் விழுந்ததா: இல்லை. முடிவு: பாதுகாப்பு உணர்வு போதாது. கடைசிவரை இருக்கையில் அமர்ந்திருந்த நால்வருக்கும் ‘முழு வருகை’க்காக அட்டை வழங்கப்பட்டது. என்னுடையது நான்காம் எண். மாலையில் காவலர் வந்து எவரிஸ்தோவின் ரம்பத்தை வாங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காற்று கொஞ்சம் அடித்தது. மரம் தானாகவே விழுந்தது. மேற்கேதான். நல்லவேளை, அன்று விழா எதுவும் இல்லை. பேருந்துப் பாதை அடைபட்டுவிட்டது. மரத்தை அறுக்கச் சட்டப்படி உரிமையுள்ளவர்கள் மேயர், பாதிரியார், தலைநகருக்குத் திரும்பிவிட்ட பொறியாளர், நான். மீதி மூவரும் அதைச் சுற்றி நின்று ஒருமனதாகக் கவலைப்பட்டோம். பிறகு டோன்யா ஓடிலியா எவரிஸ்தோ வீட்டுக்கு நடந்தார்.

காவலர் ரம்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், எவரிஸ்தோ மூன்று நாள் அறுத்தார். அட்டை உள்ளவர் ‘மேற்பார்வை’ செய்ய வேண்டும் என்பதால் நான் பக்கத்தில் நின்றேன். முதல் மணி நேரத்திலேயே என்னைச் சர்ச் வாசலுக்கு அனுப்பிவிட்டார். ரம்பத்தின் மூக்கு எதிலாவது பட்டால் எகிறி முகத்துக்கே வரும், அப்போது பக்கத்தில் செயலர் இருந்தால் செயலருக்கும் வரும் என்றார். வளைந்து முறுக்கி நின்ற கிளைகளை அவசரப்படாமல், அழுந்திய பக்கம் கொஞ்சம், பிறகு மறுபக்கம் என்று தளர்த்தி அறுத்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பேருந்து ஓடியது. காவலர் வந்து ரம்பத்தைத் திரும்பவும் எடுத்துப்போனார். அது இன்னும் சூடாக இருந்தது.

எங்கள் ஆண்டறிக்கையைத் தலைநகரில் பாராட்டினார்கள். அட்டை இல்லாத ஒருவரும் இந்த ஆண்டு ரம்பத்தைத் தொடவில்லை. விபத்து எதுவும் இல்லை. சதுக்கத்து மரத்தை அறுத்து அகற்றியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அந்த வரியைத் தயங்காமல் எழுதியதும் நான்தான்.