கௌரவ இடத்தில் அமர்ந்த தராசு

எங்கள் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இளங்கலைப் படிப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள், இரண்டாம் மாடியில் கதவுக்கு மேலே பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் பகுப்பாய்வு வேதியியல் நடத்துகிறவன் நான். பெயர் எசென். பிள்ளைகள் எசென் அகாய் என்பார்கள். எங்கள் கிர்கிஸ் நாட்டில் வாத்தியார் என்றால் அகாய்தான், பாடம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

போன இலையுதிர் காலத்தில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வசந்தத்தில் அங்கீகாரக் குழு வருமாம். நவீனத் தராசு ஒன்றுகூட இல்லாமல் பட்டம் கொடுத்து வரும் வேதியியல் துறைகள் "மேன்மைமிகு மறுசீரமைப்புக்கு உட்படுத்தப்படும்" என்று எழுதியிருந்தது. இழுத்து மூடுவார்கள் என்று அர்த்தம். எங்களைச் சுற்றுலாத் துறையில் சேர்ப்பதாக ஏற்பாடு. இப்போது எல்லாப் பிள்ளைகளும் படிப்பது அதைத்தான், அதுதான் நாகரிகம். எங்கள் உயிரியல்காரர் ஒருவர் ஏற்கெனவே அங்கே போய், வெளிநாட்டவர் வந்தால் கூடாரத்துக்குள் எப்படிச் சிரித்து வரவேற்பது என்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிக்க வராது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே இங்கே கெஞ்சி ஒரு மின்னணுத் தராசை வரவழைத்துவிட்டோம். எங்கே வைப்பது என்று முடிவு செய்ய டீன் கெரிம்பெக் அகாய் கூட்டம் போட்டார். அவர் உடற்கல்விக்காரர், பழைய மல்யுத்த வீரர். அறிவியல் புலத்தை அவரிடம் ஒப்படைத்ததே அவர் பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகத்தான். ஆய்வகத்தில் ஆடாத கல்மேசை ஒன்று இருக்கிறது, ஆனால் அது வாசலை ஒட்டி இருந்தது. விருந்தாளியை வாசலில் உட்கார வைக்கிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. வாசலுக்கு எதிரே, உள்சுவரோரம் இருக்கும் இடத்தைத் தோர் என்போம். பெரிய மனிதர்கள் அமர்வது அங்கேதான். இந்தக் கட்டடத்திலேயே மிகப் பெரிய தோர் டீன் அறையில் இருந்தது. ஆகவே தராசு டீன் நாற்காலிக்குப் பின்னால், பூவேலை செய்த கம்பளி விரிப்பின் மேல் எழுந்தருள வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

தராசு கல்மேல்தான் இருக்க வேண்டும், மெத்தென்ற எதன்மேலும் இருக்கக் கூடாது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே அதுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நெஞ்சு பலவீனம், யாரோடும் வாதாடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ரொம்பப் பொருத்தமான இடம் அகாய்" என்றேன்.

அன்றே ஆடு வெட்டினோம். ஆட்டுத்தலை எப்போதும் மதிப்புக்குரிய விருந்தாளிக்குத்தான். எனவே முறைப்படி அதைத் தராசின் முன் வைத்தோம். தராசு சாப்பிடாததால் டீன் அதன் சார்பாகச் சாப்பிட்டார்.

எதையும் மூத்தவர்தான் தொடங்க வேண்டும் என்பதால் டீனே முதலில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தார். இரண்டு கிராம் என்று காட்டியது. கை தட்டினோம். அடுத்து நான் சர்க்கரைக் கட்டி வைத்தேன், இரண்டு கிராம். உலர்ந்த தயிர் உருண்டை வைத்தேன், அதுவும் இரண்டு கிராம். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்தேன், அதுவும் அதே. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. நெஞ்சும் லேசாகத் தட்டியது. இரண்டில் நெஞ்சுக்கே முன்னுரிமை கொடுத்தேன்.

குளிர்காலம் முழுக்கச் செய்முறை வகுப்பு டீன் அறையில்தான் நடந்தது. பிள்ளைகள் வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள், டீனுக்கும் தராசுக்கும் வணக்கம் சொல்வார்கள், இரண்டு கிராம் என்று எழுதிக்கொள்வார்கள், முதுகைக் காட்டாமல் வெளியே வருவார்கள். முன்பெல்லாம் ஒரே பொருளை எடை போட்டால் ஆளுக்கொரு விடை வரும். இப்போது பிழை என்பதே ஒழிந்தது. "மலைப்பகுதி மாணவர்களின் அளவீடுகளில் முழுமையான ஒத்திசைவு" என்று நான் ஒரு கட்டுரைகூட எழுதினேன். அதற்கு எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

கடைசி ஆண்டில் ஆய்ஜமால் என்று ஒரு பெண். இடையர் வீட்டுப் பெண், ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை மடக்கினாள்.

"அகாய், தட்டுல நான் ஒண்ணுமே வைக்கல. அப்பவும் ரெண்டு கிராம்தான் காட்டுது."

"ஒண்ணுமே வைக்காம எதுக்கும்மா எடை போட்ட?"

"சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்கறதுக்கா அதை டீன் அறையில வச்சிருக்கு? இதைக் கேளு. டீன் உப்பு வச்சாரு, ரெண்டு கிராம். நீ ஒண்ணுமே வைக்கல, உனக்கும் ரெண்டு கிராம். இதுல யாருக்குப் பெருமை? உனக்குத்தானே?"

"அப்ப பரீட்சையில என்ன எழுதட்டும்?"

"ரெண்டு கிராம்னு எழுது. இல்லேன்னா நீ, நான், இந்தத் துறை, எல்லாரும் சேந்து கூடாரத்துல போய்ச் சிரிக்கணும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளையைக் கெடுக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சாயங்காலத் தேநீருக்குள் அது சரியாகிவிட்டது.

வசந்தத்தில் குழு வந்தது. தலைவி சாய்ரா, நிஜமாகவே வேதியியல் படித்தவர் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. அவரைத் தோரில் உட்கார வைக்க வேண்டும், அங்கேயோ தராசு இருக்கிறது. இருவரையும் அருகருகே அமர்த்தினோம். ஆய்ஜமால் முன்னே வந்து, கையில் இருந்த பொடியைத் தட்டில் போடுவதற்கு முன்பே "ரெண்டு கிராம்" என்றாள். போட்டாள். இரண்டு கிராம். மாணவியின் கணிப்புத் திறன் கருவிக்கு நிகரானது என்று குழுவினர் எழுதிக்கொண்டார்கள். சாய்ரா மட்டும் குனிந்து தராசின் அடியில் எதையோ பார்த்தார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"எசென், அடியில ஒரு சிவப்புத் திருகு இருக்கே. லாரியில ஆடக் கூடாதுன்னு பூட்டி அனுப்புவாங்க. அதை நீங்க கழட்டவே இல்லையா?"

முடிந்தது என்று நினைத்தேன். "இப்பவே கழட்டிடறேன் எஜே" என்றேன். எஜே என்றால் அக்கா. பயத்தில் எல்லோரும் எனக்கு அக்காதான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அவர். "பிஷ்கெக்குல எங்க துறையிலயும் கழட்டினோம். ஆளுக்கொரு எடை வந்துச்சு. எது சரின்னு கூட்டம் மேல கூட்டம். துறைத்தலைவரும் பேராசிரியரும் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கறதில்ல. திரும்பப் பூட்டுன பிறகுதான் நிம்மதியா இருக்கோம்."

எங்களுக்கு முன்மாதிரித் துறை என்ற பட்டம் கிடைத்தது. கோடையில் ஆய்ஜமாலுக்கு, முதல் தர மாணவர்களுக்கு மட்டுமே தரும் சிவப்பு அட்டைப் பட்டயம். எடை போடுவதில் இவளுக்கு நிகர் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுத் தனிச் சான்றிதழும் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் ஊர்ப் பெரிய மருந்துக்கடையில் பொடி நிறுத்துப் பொட்டலம் கட்டும் வேலைக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். என் மாணவி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குளிர் தொடங்கியதும் நெஞ்சு படுத்த ஆரம்பித்தது. டாக்டர் ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். கடுகளவு கூடினாலும் ஆபத்து, சரியாக எடை போட்டு வாங்கு என்று சொல்லி அனுப்பினார். மருந்துக்கடையில் எனக்குப் பின்னால் டீன் கெரிம்பெக் அகாய் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நெஞ்சுதான். ஆய்ஜமால் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, ஒரு கரண்டிப் பொடியை அள்ளித் தாளில் கொட்டி மடித்தாள்.

"எடை போடலையாம்மா?"

"எதுக்கு அகாய்? எந்த மருந்தா இருந்தாலும் ரெண்டு கிராம்தான். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

பொட்டலத்தைக் கையில் வாங்கினேன். சட்டென்று வழி தோன்றியது. எதையும் மூத்தவர்தான் தொடங்க வேண்டும். "நீங்க முதல்ல சாப்பிடுங்க அகாய்" என்று டீனிடம் நீட்டினேன்.

மல்யுத்த வீரரின் முகம் வெளுத்துவிட்டது. தராசின் லட்சணம் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "சேச்சே, நீ முந்தி வந்தவன், உனக்குத்தான் ரொம்ப முடியல" என்று பொட்டலத்தை என் பக்கமே தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

ஆய்ஜமால் இன்னொரு தாளை எடுத்து மடித்தாள்.

"எதுக்கு அகாய் போட்டி? ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."