கட்டாயம் மாஸ்டர் நடத்திய காட்டு முகாம்

ஈப்போவில் கட்டாயம் மாஸ்டரிடம் "முடியாது" என்று சொல்லித் தப்பித்தவன் எவனும் கிடையாது. பல் டாக்டர்கூட அவர் காட்டிய பல்லைத்தான் பிடுங்கினாராம். வலித்த பல் வேறு என்று எங்கள் கோயிலில் பேச்சு. தமிழ்ப்பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் "கட்டாயம்" என்றுதான் ஆரம்பிப்பார். அதுவே பெயராகிவிட்டது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வருஷம் முழுக்க ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது. விடுமுறையிலாவது படுக்க விடு என்று முருகனிடம் மன்றாடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சன்னதியிலேயே மாஸ்டர் என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, சுங்காய் மலைப் பக்கம் மூணு நாள் முகாம். நீ கட்டாயம் வேனோட வாரே."

"முதுகு வலி மாஸ்டர்."

"காட்டுக் காத்துக்குச் சரியாப் போயிடும் லா."

"முருகா!"

"அவரும் வருவாரு. மலைதானே!"

அங்குள்ள ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்துப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய், விடுதி பிடிக்காமல் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். கயிற்றுப் பாலம், மிதவை, வரைபடம் என்று வெளியிலேயே பாடம் வைத்தால் படிப்பில் ஒட்டுவார்கள் என்பது மாஸ்டரின் நம்பிக்கை. ஒரு வருஷம் அலைந்து ஓர் அறநிறுவனத்தைப் பிடித்திருந்தார். மூன்றாம் நாள் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். பிள்ளைகள் இருந்தால் விடுமுறைதோறும் முகாமுக்கு உதவி. இல்லையென்றால் அத்தோடு சரி.

பழைய ரப்பர் தோட்டத்து ஆற்றங்கரையில் கூடாரம் போட்டோம். பிள்ளைகளும் வந்தார்கள். மாஸ்டர் கயிற்றுப் பாலத்தைக் காட்டி, "கட்டாயம் எல்லாரும் ஏறணும்!" என்று மலாயில் முழங்கினார். முன்னால் நின்ற பையன் சிரித்தபடியே, "தா மாவ், சிக்கு" என்றான். வேண்டாம் சார் என்று அர்த்தம். அவ்வளவுதான். மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மாஸ்டர் சத்தம் போடப் போட, மரத்தடியில் கூட்டம் கூடியது.

மத்தியானம்தான் வினை. எங்கள் அன்னதான வழக்கம் உங்களுக்குத் தெரியும். போதும் என்று இலைமேல் கையை வைத்து மறைத்தால், விரல் இடுக்கில் ஒரு கரண்டி ஊற்றுவதுதான் அன்பு. லினா என்ற பெண் கையை வைத்து மறைத்தாள். மாஸ்டர் அந்தக் கையை ஆசையாக விலக்கிவிட்டு, "வளர்ற பிள்ளை, கட்டாயம் சாப்பிடணும்!" என்று சோற்றைக் கொட்டினார்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து ஆற்றில் கை கழுவினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். சண்டையில்லை, ஒரு சொல்லில்லை. வரிசையாகத் தோட்டத்துப் பாதையில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாஸ்டர் கரண்டியும் கையுமாக நின்றார்.

கிராமத்துக்கு ஓடினோம். லினாவின் அப்பா எங்களுக்குக் காப்பி கொடுத்தார்.

"நீங்க அப்பா. நீங்க சொன்னா கேக்கும்," என்றார் மாஸ்டர்.

"நான் எப்படிச் சொல்றது?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அது வேணாம்னுருச்சே. வேணாங்கிறவங்களை நெருக்குனா அவங்களுக்குத்தான் கெடுதல் வரும். எங்க ஆளுங்க பிள்ளையைக்கூட நெருக்க மாட்டோம்."

திரும்பி வரும் வழியெல்லாம் மாஸ்டர் ஒரு "கட்டாயம்"கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

மறுநாள் காலை, "போய்க் கூப்பிட்டுப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

"வேணாம். வந்தா வரட்டும்." சொல்லிவிட்டு, கஷாயம் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பாவம், அத்தனை வருஷ அதிகாரம் சும்மா இருக்குமா? எல்லாம் என் தலையில் விழுந்தது. "தம்பி, கட்டாயம் டீ போடு. கட்டாயம் விறகு எடு." ஏற ஆளில்லாத மிதவையை மூன்று முறை இடம் மாற்ற வைத்தார். என் முதுகைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது.

வெயில் ஏறியபோது லினா வந்தாள். பின்னால் சிலர். ஏன் வந்தார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. கயிற்றைத் தொட்டுப் பார்த்தவள், "இது எதுக்கு?" என்றாள்.

மாஸ்டர் "கட்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிக்கொண்டார். "அந்தக் கரைக்குப் போக. வேணும்னா... ஏறு."

அவள் ஏறவில்லை. முடிச்சு போடுவதை மட்டும் மாலை வரை பார்த்தாள். மூன்றாம் நாள் அவளாகவே ஏறினாள். நடு ஆற்றின் மேல் நின்று அவள் தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அறநிறுவனத்து ஆள் காரிலிருந்து இறங்கினார்.

"மத்த பிள்ளைங்க எங்க?" என்று கேட்டார்.

"வீட்டுல. பிடிச்சவங்க இங்க இருக்காங்க. இப்படித்தான் சார் நடக்கும், பரவாயில்லையா?" என்றார் மாஸ்டர்.

அவர் பாலத்தின் மேல் நின்ற லினாவைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

அதற்குப் பிறகு விடுமுறை தவறாமல் முகாம் நடக்கிறது. சிலர் வருகிறார்கள், சிலர் பாதியில் போகிறார்கள், போனவர்கள் அடுத்த முறை தம்பி தங்கையோடு வருகிறார்கள். மாஸ்டர் இப்போது எனக்குப் போன் போட்டு, "முடிஞ்சா வா தம்பி" என்கிறார். பேசி முடித்ததும் என் மனைவி முறைக்கிறாள். முதுகு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் முந்தின நாள் சாயங்காலமே வேனைக் கழுவி நிறுத்திவிடுகிறேன்.